சக்கரதர்பூர் முற்றம்

டாட்டாநகரிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் பெரும் பாதையில், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், சக்கரதர்பூர் என்னும் இரயில்வே ஊர் இருக்கிறது. நம் தமிழ் அன்பர்களில் பலர் இவ்வூரை உறக்கத்திலேயே கடந்து போயிருப்பார்கள். விழித்திருந்தவர்களுக்கும் நிலையத்தில் ஒரு குவளை தேநீர் வாங்கிய நினைவுக்கு மேல் ஒன்றும் இராது. 2014-ஆம் ஆண்டில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயுமாக நாம் இங்கே வந்து இறங்கியபோது, நாமும் ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடலாமா என்றுதான் எண்ணினோம். பத்தாம் வகுப்புத் தேறியவருக்குக் கிடைத்த கடைநிலை உத்தியோகம் அது. பின்னர்த் துறைத் தேர்வெழுதி எழுத்தரானோம். வந்த புதிதில் நமக்கு ஊரும் பிடிக்கவில்லை, மொழியும் பிடிபடவில்லை.

1891-ஆம் ஆண்டில் நாக்பூரையும் அசன்சோலையும் இணைத்து முடிந்த பழைய பெங்கால் நாக்பூர் இரயில்வேயின் பாதை இவ்வழியே சென்றது. 1955-இல் தென்கிழக்கு இரயில்வே பிறந்தது. அதன் கோட்டத் தலைமையிடங்களில் இவ்வூரும் ஒன்று. தெற்கிலும் தென்மேற்கிலும் இரும்புத் தாது விளையும் மலைகளும், எழுநூறு குன்றுகளின் நாடு என்று பேர் பெற்ற சாரண்டாக் காடும் இருக்கின்றன. தாது ஏற்றிய சரக்கு வண்டிகள் இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கும். ஊர் விவரம் இவ்வளவு போதும். நாம் எழுதப் புகுந்தது ஊரைப் பற்றியன்று; நம் குவார்ட்டர்ஸின் முற்றத்தைப் பற்றி.

பழைய காலனி வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். வீடு சிறிது, வளவு பெரிது. நமக்கு அமைந்ததும் அவ்வாறே. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். பின்னாலே முப்பது அடி எடுத்து வைத்தாலும் வேலி வராத ஒரு முற்றம். அதன் மேற்கு மூலையில் இருவர் கைகோத்தாலும் கட்டியணைக்க முடியாத மரம் ஒன்று. இங்குள்ளோர் அதை மஹுவா என்கிறார்கள். ஒரு மாதம் கழித்தே அது நம் நாட்டு இலுப்பையின் இனம் என்று கண்டுகொண்டோம். கண்டுகொண்ட அன்று நம் இல்லத்தாள் சிரித்தாள். "ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்களே, அந்த ஊருக்கே நம்மைக் கொண்டுவந்து விட்டீர்கள்" என்றாள். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை என்பது நமக்குத் தெரிந்தது.

இந்நாட்டுப் பருவங்களின் அழகை மறுப்பவன் கண்ணில்லாதவன். நம் தூத்துக்குடிச் சீமையில் வெயில் காலம் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று. அதற்குமேல் பருவம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள நமக்கு ஒன்றுமில்லை. இங்கோ ஒவ்வொரு திங்களுக்கும் ஒவ்வொரு நிறம். ஆனி முதல் ஆவணி வரை அடைமழை. மலைகள் நீலம் மாறிக் கரும்பச்சையாகும். புரட்டாசியில் மழை ஓய்ந்ததும், சஞ்சய் ஆற்றங்கரையிலும் இருப்புப் பாதையின் இரு மருங்கிலும் நாணல் பூத்து, யாரோ பஞ்சுப் பொதிகளை அவிழ்த்து விட்டாற்போல வெண்மையாக அசையும். துர்க்கா பூசை நெருங்கிவிட்டது என்பதற்கு இவ்வூராருக்கு அதுவே நாள்காட்டி. மார்கழியில் காலை எட்டு மணி வரை பனிமூட்டம். ஆலயத்துக்குப் போகிறவர்கள் போர்வையோடு போவார்கள்.

மாசி பிறந்தால்தான் இந்நாட்டின் உண்மையான திருவிழா. சென்னையிலே புரசைவாக்கம் என்னும் பெயரில் மட்டும் நாம் அறிந்திருந்த புரச மரம், இங்கே இலை முழுவதும் உதிர்த்துவிட்டு, கிளையெல்லாம் தீப்பற்றியது போலப் பூத்து நிற்கும். வண்டியிலிருந்து பார்த்தால் காடு எரிகிறதோ என்று ஐயுறுவோம். பங்குனியில் சால மரங்கள் துளிர்த்து, மங்கிய வெண்ணிறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். ஹோ மக்கள் அப்போது பா பொரோப் என்னும் பூத்திருவிழா எடுப்பார்கள். முண்டா, உராவ் மக்களுக்கு அது சர்ஹுல். நமக்கு அந்நாட்கள் பெரும்பாலும் லெந்து நாட்களாயிருக்கும். நாம் உபவாசமும் துக்க கீதமுமாய் இருக்க, வெளியே நாடு முழுவதும் மணக்கோலத்தில் இருக்கும்.

அழகு இவ்வாறிருக்க, அழகின் குப்பையை வாருகிறவன் யார்? வண்டியில் போகிறவருக்குப் பூ. வீட்டில் இருக்கிறவனுக்குச் சருகு. மழைக் காலத்தில் புல் முழங்கால் உயரம் எழும். வெட்டாவிட்டால் பாம்பு வரும். வெட்டிய பத்தாம் நாள் மீண்டும் எழும். வேலியோரத்து உண்ணிச் செடியைத் தறித்தால் கை கிழியும். பார்த்தீனியத்தைப் பிடுங்கினால் தோல் அரிக்கும். இவையெல்லாம் முடிந்ததென்று மூச்சுவிடும்போது மாசி வந்து, இலுப்பை இலையுதிர்க்கத் தொடங்கும். நம் ஊர் இலுப்பையும் இலையுதிர்க்கும். ஆனால் அதை வாரும் வேலை நமக்கு என்றும் வாய்த்ததில்லை. காலையில் பெருக்கி விட்டு அலுவலகம் சென்று மாலையில் திரும்பினால், பெருக்கியதற்கு அடையாளமே இராது. கை அகலச் சருகுகள் காலடியில் நொறுங்கும் ஓசை நம்மைப் பார்த்து நகைப்பது போலவே தோன்றும்.

நாம் பிறந்த வீட்டின் முற்றம் தேரி மணல். அம்மை விடியற்காலையில் ஈர்க்கு வாரியலால் பெருக்கினால், செம்மணலில் வாரியலின் வரிகள் பிறை பிறையாகக் கிடக்கும். அதன்மேல் முதலில் நடக்கிறவர் பால்காரரா கோழியா என்று தடம் பார்த்துச் சொல்லிவிடலாம். பனையோலை விழுந்தால் எடுத்து அடுப்புக்கு வைப்பார்கள். அந்த முற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த முற்றத்தைப் பெருக்கினோம். அதனால் பெருக்கிய ஒவ்வொரு நாளும் நமக்கு மனத்தாங்கலாகவே கழிந்தது. இது நம் வீடன்று, அரசாங்கத்து வீடு. இன்றோ நாளையோ மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். எவனோ வரப்போகிற முற்றத்துக்கு நாம் ஏன் முதுகொடிய வேண்டும்? இதுவே நம் எண்ணம். புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களில் இவ்வெண்ணம் வந்திராதவர் இருப்பின் அவர் பாக்கியவான்.

2017-ஆம் ஆண்டில் அம்மை கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், தந்தையாரை இங்கே அழைத்து வந்தோம். அவர் சிற்றூர்ச் சபைகளில் உபதேசியாராக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். இந்தியில் ஒரு சொல்லும் அறியார். வந்த மறுநாள் காலை நாம் எழுமுன்பே பின்முற்றத்தில் வாரியலின் ஓசை கேட்டது. "அப்பா, இந்த வயதில் உங்களுக்கு இது எதற்கு?" என்று தடுத்தோம். "எலே தம்பி, பெருக்க ஒரு முத்தம் இருக்கிற மட்டும் எனக்குக் குறையில்லை, நீ வேலைக்குப் போ" என்றார். அதன்பின் வாரியல் நம் கைக்குத் திரும்பவில்லை. நாமும் வாங்கிக்கொள்ள முயலவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

காலையில் ஒருமுறையும், வெயில் தாழ்ந்தபின் ஒருமுறையும் பெருக்குவார். மாலையில் இலுப்பை மரத்தடியைத் தனியாக, மணையில் கோலமிடுவதற்குத் துடைப்பது போலத் துப்புரவாக்குவார். இரவிலே மறுபடியும் விழப்போகிற சருகுக்கு மாலையில் ஏன் பெருக்க வேண்டும் என்று நாம் கேட்டதற்கு, அவர் விடை சொல்லவில்லை. முதுமையின் பிடிவாதம் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் நம் அலுப்பைப் பொறுக்காமல் அவர் சொன்னது நினைவில் இருக்கிறது. ஆதாமைத் தோட்டத்தில் வைத்தபோதே அதைப் பண்படுத்தவும் காக்கவுமே வைத்தார்கள். முள்ளும் குருக்கும் பின்னாலே வந்தவை. வேலை அவற்றுக்கு முந்தியது என்றார். இன்னொரு நாள் பவுல் அப்போஸ்தலரைப் பற்றிப் பேச்சு வந்தது. சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, உள்ளதே போதும் என்றிருக்கும் மனம் தமக்குப் பிறவியில் வந்ததாக அவர் சொல்லவில்லை, படித்துத் தேறியதாகவே சொல்லுகிறார் என்றார். "நீ பத்தாவது தேறிட்டே, இந்தப் பாடத்துல இன்னும் பரீட்சைக்கே உட்காரலை" என்று சொல்லிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரந்தான் தென்னகத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தோம்.

2022-ஆம் ஆண்டு தை மாதக் குளிரில் தந்தையாருக்கு மார்ச்சளி கண்டது. ஏழாம் நாள் இறந்தார். ஊருக்குக் கொண்டு போக வேண்டும் என்று உறவினர் தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டு இரவுப் பயணம். அதற்கு வேண்டிய பணமும் நம்மிடம் இல்லை, மனத் திடமும் இல்லை. இங்குள்ள கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். தமிழ் அறிந்தவர்கள் ஆறு பேர் வந்தார்கள். குருவானவர் இந்தியில் ஜெபித்தார். பனங்காட்டில் பிறந்தவரைச் சால மரத்தடியில் விட்டுவிட்டு வந்தோம் என்னும் குற்றவுணர்வு நெடுநாள் நம்மை உறுத்தியது. ஊரிலுள்ளவர்கள் அதை மறக்கவும் விடவில்லை.

மாசி வந்தது. இலை உதிர்ந்தது. பெருக்க ஆளில்லை. மூன்று வாரம் முற்றத்தில் கணுக்கால் புதையச் சருகு கிடந்தது. ஒரு ஞாயிறு மாலை ஆத்திரத்தோடு எல்லாவற்றையும் குவித்து நெருப்பு வைத்தோம். மேல்காற்று வீசும் காலம் என்பதை எண்ணவில்லை. கண்மூடித் திறக்குமுன் தீ வேலிக்குத் தாவி, அடுத்த வீட்டாரின் மூங்கில் படலையும், தந்தையார் நட்டுக் காய்க்கத் தொடங்கியிருந்த முருங்கையையும் தின்றுவிட்டது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. படலுக்குப் பணம் கொடுத்தோம். முருங்கைக்கு யாரிடம் கொடுப்பது?

மறுநாள் விடியுமுன் முற்றத்தில் ஓசை கேட்டு எழுந்து பார்த்தோம். ஆண்டுதோறும் பூப்பொறுக்க வரும் ஹோ மூதாட்டி, கரிந்த தரையைக் குச்சி வாரியலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இலுப்பைப் பூ இரவின் கடைசி யாமத்தில் சொரிந்து விடியலில் தரையில் கிடக்கும். வெண்மஞ்சளாய், சதைப்பற்றாய், முத்துக்கள் போல. பொறுக்கி வெயிலில் காயவைத்தால் உலர்ந்த திராட்சை போலச் சிவந்து சுருங்கும். சாராயம் காய்ச்சவே அது உதவும் என்று நாம் எண்ணியிருந்தோம். வறுத்தும் வேகவைத்தும் அதையே உணவாகக் கொண்டு பல குடும்பங்கள் பஞ்ச மாதங்களைக் கடத்தியிருக்கின்றன. சருகுக்குள் விழுந்த பூவைத் தேடிப் பொறுக்குவது கடினம். அதனால்தான் காட்டிலே பலர் மரத்தடிக்குத் தீ வைக்கிறார்கள்; காட்டுத்தீக்கு அதுவும் ஒரு காரணம். கிழவி நம்மைக் கண்டு கோபிக்கவில்லை. "பாபா மாலையிலேயே பெருக்கி வைத்துவிடுவார். அவர் இருந்த வரைக்கும் எனக்கு முதுகு நோகவில்லை" என்று உடைந்த இந்தியில் சொன்னாள். அவ்வளவே சொன்னாள்.

ஐந்தாண்டு ஒரே வீட்டில் இருந்தும் தந்தையார் யாருக்காகப் பெருக்கினார் என்பது நமக்குத் தெரியாதிருந்தது. அவருக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. எப்படிப் பேசிக்கொண்டார்களோ! அன்று மாலை நாம் வாரியலை எடுத்தோம்.

அவ்வாண்டு உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் 17-ஆம் தேதி வந்தது. சோட்டாநாக்பூர்க் கிறிஸ்தவர்களின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1845-ஆம் ஆண்டில் பெர்லினிலிருந்து கோஸ்னர் ஐயர் அனுப்பிய மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தது முதல் இங்கே சபைகள் வளர்ந்தன. நம் இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் எந்தச் சங்கத்தின் சார்பில் ஊழியம் செய்தாரோ, அந்த எஸ்.பி.ஜி. சங்கமே பின்னர் இங்கும் ஊழியம் செய்தது; 1890-இல் சோட்டாநாக்பூர் அத்தியட்சாதீனம் உண்டாயிற்று. இதை அறிந்தபோது, தூரதேசத்தில் நம் தாய்மாமன் வீட்டுத் திண்ணையைக் கண்டாற்போல இருந்தது. இந்நாட்டுச் சபையார் பலர், திருநாளுக்கு முந்திய நாட்களில் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் செதுக்கி, சருகு வாரி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். திருநாளன்று இருள் பிரியுமுன் மெழுகுவர்த்தியோடு அங்கே கூடிப் பாடி ஜெபிப்பார்கள். ஊரில் நாம் அறிந்த அறுவடைப் பண்டிகையும் அசனமும் வேறு, இது வேறு.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்த மறுநாள் நாமும் மண்வெட்டியும் வாரியலுமாகப் போனோம். நம் இல்லத்தாள் வரமாட்டாள் என்று எண்ணியிருந்தோம். சுண்ணாம்பு வாளியை அவளே தூக்கி வந்தாள். மகளுக்கு அப்போது எட்டு வயது. அக்கம்பக்கத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள், நாம் கேளாமலே நம் கல்லறையின் ஒரு பக்கத்தைச் செதுக்கிக் கொடுத்தார்கள். தந்தையாரின் மேட்டின்மீதும் சருகுதான் மூடிக் கிடந்தது. வாரி முடித்து நிமிர்ந்தபோது, மேலே சால மரம் மீண்டும் இரண்டு இலை போட்டது. நம் இல்லத்தாள் அதைப் பார்த்து, "மாமாவுக்கு இங்கேயும் வேலை இருக்கு" என்றாள். அவர் போனபின் அவள் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் விடியலில் நூற்றுக்கணக்கான சிறு சுடர்கள் நடுவே நின்றோம். பாட்டு இந்தியில், பாதி நமக்குப் புரியவில்லை. மரியாள் கல்லறையண்டையில் உயிர்த்த ஆண்டவரைக் கண்டும் அறியாமல், தோட்டக்காரர் என்று நினைத்தாள் அல்லவா? அந்தப் பகுதியை எத்தனையோ முறை ஆலயத்தில் கேட்டிருக்கிறோம். அவளுடைய அறியாமை என்றே கடந்து போயிருக்கிறோம். அன்று அந்த அதிகாலையில், கையில் சுண்ணாம்புக் கறை போகாமல் நின்றபோது, அப்படி நினைத்ததில் பெரிய பிழையொன்றும் இல்லை என்று தோன்றியது.

அதன்பின் முற்றவேலை இனித்தது என்று எழுதினால் அது பொய். இன்றும் ஆவணிப் புல்லை வெட்டும்போது அலுப்பு வருகிறது. இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதை எழுதுகிறோம். சில மாலைகளில் வாரியலை எடுக்காமல் படுத்துவிட்டு, விடியலில் கிழவியின் முகத்தைப் பார்க்க வெட்கி, உள்ளேயே இருந்ததும் உண்டு. ஆனால் தேரி மணல் முற்றத்தோடு இதை ஒப்பிடுவது எப்போதோ நின்றுவிட்டது. முற்றம் துப்புரவானால் மனம் அமையும் என்று காத்திருந்தோம். அது துப்புரவாகப் போவதில்லை என்று தெரிந்தபின்னரே மனம் ஓரளவு அமைந்தது. முருங்கைக்குப் பதில் வேறொரு கொம்பை நட்டோம். நெருப்பு வைப்பதை விட்டு, ஒரு குழி வெட்டிச் சருகைச் சாணக் கரைசலோடு புதைக்கிறோம். உலர்ந்த இலுப்பைப் பூவைக் கிழவி ஆண்டுக்கு ஒரு படி கொண்டுவந்து கொடுப்பாள். நம் இல்லத்தாள் அதை எள்ளோடு சேர்த்து இடித்து உருண்டை பிடிப்பாள். சர்க்கரை இவ்வூர்க் கடையில் எவ்வளவோ கிடைக்கிறது. உருண்டைக்கு மகள் சர்க்கரை போட விடுவதில்லை.

நிற்க. 2025-ஆம் ஆண்டு மாசியில் ஒரு தொலைபேசி வந்தது. பரஸ்பர மாற்றல் என்றால் இரயில்வே குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்குள்ளவர் இங்கும், இங்குள்ளவர் அங்குமாக இடம் மாறிக்கொள்வது. தென் தமிழ்நாட்டில் பணிபுரியும் ஒருவர், சாய்பாசாப் பக்கத்து ஹோ குடும்பத்தவர், நம் இடத்துக்கு வர விரும்பினார். பதவி, ஊதியம் எல்லாம் பொருந்தின. எட்டாண்டாக நாம் எதிர்பார்த்தது கைக்கு எட்டிவிட்டது. அலுவல் விஷயம் பேசி முடிந்தபின் அவர் சற்றுத் தயங்கி, குவார்ட்டர்ஸ் எங்கே, வளவு எப்படி என்று கேட்டார். வீடு யாருக்கு ஒதுக்கப்படும் என்பது நம் கையில் இல்லை என்றோம். ஆயினும் வளவைச் சொன்னோம். மஹுவா இருக்கிறது என்றதும் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, தம் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்பதாகவும், அதன் பழமும் சருகும் விழுந்து விழுந்து பெருக்கி முடியவில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டார். நாம் அந்த வேப்பம்பழத்தின் வாசனையை நினைத்துக்கொண்டோம்.

படிவம் இரண்டு வாரம் அலமாரியில் கிடந்தது. தந்தையாரை இங்கே விட்டுவிட்டுப் போவதா என்று நாம் கேட்டோம். "அவர் என்ன, நம்மைக் காவல் காக்கவா சொன்னார்?" என்றாள் இல்லத்தாள். ஆயினும் கையொப்பம் இடுமுன் இரண்டு நாள் அவளும் சரியாக உண்ணவில்லை. மகள்தான் அழுதாள்; அவளுக்கு ஊர் என்றால் இதுதான். கடைசியில் கையொப்பமிட்டு அனுப்பினோம். உத்தரவு வரச் சில மாதங்கள் ஆகும்.

அவ்வாண்டு ஏப்ரல் 20-ஆம் தேதித் திருநாளுக்கு முந்திய நாள், வழக்கம்போல மூவரும் சுண்ணாம்பு வாளியோடு போய் வந்தோம். பக்கத்துக் கல்லறைக் குடும்பத்தாரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர்கள், "ஒரு வாளி சுண்ணாம்பில் இன்னொன்றுக்கும் இருக்கும்" என்றார்கள். மாலையில் வீடு திரும்பி, மிச்சமிருந்த வெளிச்சத்தில் மரத்தடியைப் பெருக்கினோம். பூக்காலம் முடியும் தறுவாய். இன்னும் நான்கைந்து நாளுக்குத்தான் பூ விழும். வாரிய சருகைக் குழியில் இட்டு, மிதித்து, மேலே மண் தள்ளினோம். ஆடி மழைக்கு எருவாகிவிடும்.